கொல்லையில் பறந்த விமானம்

இலக்கியா படித்தது விமானப் பொறியியல். வேலை பார்ப்பது பெரம்பலூரில் ஒரு ஜவுளிக்கடையின் சேலைப் பிரிவில். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் கேட்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று, படித்ததைச் சொல்வதையே விட்டுவிட்டாள்.

விடிந்ததும் குன்னத்தில் பஸ் ஏறினால், கடை சாத்தித் திரும்பும்போது ஊர் அடங்கியிருக்கும். கடையில் ஸ்டூல் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். ஆள் வந்தால் சேலையைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஆள் போனால் பிரித்ததை மடிக்க வேண்டும். இதில் எங்கே உட்காருவது? தூக்கத்தில்கூட அவள் கை எதையோ மடிக்கிறது என்று அம்மா பூங்குழலி சொல்வாள்.

பொங்கல் கழிந்து மக்காச்சோளம் அறுத்த சமயம். அப்பா உத்திராபதி, வெங்காயம் கொட்ட இடமில்லை என்று உள்ளறையைக் காலி செய்தபோது கட்டிலடியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை இழுத்தார்.

"ஒன் காலேஜ் பொட்டி இது. வேணுமா, தூக்கிப் போடவா?"

கடைசி வருட புராஜெக்டில் மிஞ்சிய பால்சா மரத் தகடுகள். தூக்கினால் கையில் எதுவும் இருப்பதாகவே தெரியாத மரம். பாதியைக் கரையான் தின்றிருந்தது. அடியில் ஒரு பிளாஸ்டிக் புரொபெல்லரும் ரப்பர் சுருளும் கிடந்தன. மிச்சத்தில் ஒரு சின்ன விமானம் செய்யலாம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

"இருக்கட்டும்ப்பா" என்றாள்.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுப்பு. தலைக்குக் குளித்துவிட்டுத் தூங்கப் போனவள், ஒரு தகட்டை எடுத்து பிளேடால் கீறினாள். பிறகு தூங்கவில்லை. இறக்கையின் படத்தைத் தாளில் வரைந்து, அதன்மேல் மெல்லிய குச்சிகளைக் குண்டூசியால் நிறுத்தி ஒட்டினாள். அடுத்த விடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணயர்ந்து, முழங்கையால் இரண்டு குச்சிகளை நசுக்கிவிட்டாள். அதற்கடுத்த விடுப்பில் அதைத் தொடவே இல்லை. நாள் முழுக்கத் தூங்கினாள்.

இறக்கைச் சட்டத்தின் மேல் ஒட்ட மெல்லிய தாள் வேண்டும். பட்டுச்சேலைக்குள் வைத்து வரும் வெள்ளைத்தாள் கடையில் குப்பைக்குத்தான் போகும். சூப்பர்வைசர் வீரமுத்துவிடம் கேட்டாள்.

"எதுக்கும்மா?"

"வூட்டுல ஒரு வேலை இருக்கு சார்."

அவர் ஒரு கத்தையாகவே கொடுத்தார். ஒட்டிக் காயவைத்துத் தண்ணீர் தெளித்தாள். ஈரம் உலர உலரத் தாள் சுருங்கி, இறக்கை விறைப்பாக நின்றது. அதைத் தட்டிப் பார்த்த பூங்குழலி, "அப்பளம் மாதிரி இருக்குடி" என்றாள்.

காற்று எழும்புமுன் விடியற்காலையில், வீட்டுக்கு எதிரே சோளம் அறுத்துக் கிடந்த கொல்லைக்கு எடுத்துப் போனாள். உத்திராபதியும் கூடவே வந்தார்.

"ரிமோட் எங்கம்மா?"

"ரிமோட் கெடையாதுப்பா. கைய வுட்டா அதுவா போவும்."

"போனது திரும்பி வருமா?"

"வராது. நாமதான் போயி எடுக்கணும்."

ரப்பருக்கு விளக்கெண்ணெய் தடவி, புரொபெல்லரைச் சுற்றி முறுக்கேற்றி விட்டாள். விமானம் மூக்கைத் தூக்கியது, அந்தரத்தில் நின்றது, சோளத்தட்டை மேல் விழுந்து இறக்கைத்தாள் கிழிந்தது. அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அழுகைகூட வரவில்லை, அவ்வளவு அசதி. உத்திராபதி போய் விமானத்தை எடுத்து வந்து அவள் மடியில் வைத்தார்.

வீட்டில் தாளை ஒட்டி, மூக்கில் கொஞ்சம் களிமண் அப்பி, வால் துடுப்பை இடப்பக்கம் மயிரிழை வளைத்தாள். அடுத்த செவ்வாயன்று விட்டபோது விமானம் ஏறியது. பெரிய வட்டமாக இடப்பக்கம் திரும்பித் திரும்பி வேப்பமர உயரம் போயிற்று. முறுக்கு தீர்ந்ததும் அவசரமே இல்லாமல் மிதந்து, பக்கத்துப் பருத்திக் கொல்லையில் இறங்கியது. அங்கே பருத்தி எடுத்துக்கொண்டிருந்த அரியமுத்து நிமிர்ந்து பார்த்தார்.

"இதத்தான் படிச்சியா பாப்பா?"

"ஆமாங்க மாமா."

"நல்லாத்தான போவுது" என்று, செடி ஒடியாமல் எடுத்துக் கொடுத்தார்.

படித்ததை வாய்விட்டுச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று திரும்பி நடக்கும்போது நினைத்துக்கொண்டாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. கால்வலியும் இருந்தது. மறுநாள் வழக்கம்போல பஸ் ஏறினாள்.

அடுத்த விடுப்பில் உத்திராபதி வந்து எழுப்பினார். "காத்து இல்லம்மா. வுடலாமா?"

"தூக்கம் வருதுப்பா. நீ போயேன்."

நன்றாக விடிந்து அவள் வாசலுக்கு வந்தபோது, கொல்லையில் அப்பா மடித்துக்கட்டிய வேட்டியோடு ஓடி ஓடி விமானத்தை வானத்தைப் பார்த்து எறிந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் அது காலடியிலேயே விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுபடி படுக்கத்தான் நினைத்தாள். முடியை அள்ளி முடிந்துகொண்டு இறங்கி நடந்தாள்.

"அண்ணாந்து வீசாதப்பா. நேரா புடிச்சு, மெதுவா வுடு."