வெள்ளைத்தாய் துப்பிய பழம்

மாம்பழ வாசனை வந்தால் வெள்ளைத்தாய் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். ராஜபாளையத்தில் இப்படியும் ஒருத்தியா என்று சிரிப்பவர்கள், 1938 கோடையில் பழ வியாபாரி முத்துவீரனின் சரக்குக் கிட்டங்கிக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

அங்கே காய் பழுக்கப் போடுகிறவள் அவள்தான். காம்பைக் கிள்ளிக் கவிழ்த்து வைத்து முதலில் பால் வடியவிட வேண்டும். பால் பட்ட தோல் கருகிப்போகும். பிறகு காய்ந்த வைக்கோல், அதன்மேல் காய், மறுபடி வைக்கோல். பழுத்ததும் ஒரு வழக்கம் உண்டு. பழுக்கப் போட்டவளே கூடையிலிருந்து ஒரு பழம் எடுத்து, வாங்க வந்தவர் கண்ணெதிரே கடிக்க வேண்டும். விழுங்கினால் வியாபாரம் படிந்தது. துப்பினால் கூடையை யாரும் தொடமாட்டார்கள். வெள்ளைத்தாய் துப்பியதே இல்லை.

அந்த வருஷம் செண்பகத்தோப்புப் பக்கம் பேய்க்காற்று. உதிர்ந்து அடிபட்ட காய்களை முத்துவீரன் வண்டி வண்டியாக அள்ளிவந்தார். வெள்ளைத்தாய் இல்லாத நேரத்தில் பறித்த காயோடு கலந்து, போன வருஷத்து வைக்கோலையே போட்டு மூடினார். பழைய சாறு ஊறி, எலிப்புழுக்கை ஒட்டிய வைக்கோல். கதவைத் திறந்த அன்று புளித்த நாற்றம் முகத்தில் அறைந்தது. தரையெல்லாம் பழுப்புத் தண்ணீர். கால் பிசுபிசுவென்று ஒட்டியது. பழத்தின் மஞ்சள் தெரியாதபடி ஈ.

முத்துவீரன் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. ஈரத்துணியால் துடைத்துக் கூடையில் அடுக்கச் சொன்னார்.

"மேல நல்ல பழமா வச்சிருக்கேன். அதுல ஒண்ணத் தின்னு. கைய உள்ள விடாத."

"அடியில கொழகொழன்னு கிடக்கு மொதலாளி. திங்கிற சனம் என்ன ஆவும்?"

"ஏட்டி, அம்புட்டையும் நீயா திங்கப் போற? ஒரு வாய் கடிச்சுத் தலைய ஆட்டு. ஏலாதுன்னா நாளையில இருந்து வராத."

அவள் புருஷன் சமுத்திரம், மரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடக்கிறான். இந்தக் கூலி நின்றால் வீட்டில் அடுப்பு எரியாது. முத்துவீரனுக்கு அது நன்றாகத் தெரியும்.

பழம் எடுக்க வந்தவள் பிச்சையம்மாள். மடவார் வளாகத்துக் கோயில் வாசலில், திருவிழாக் கூட்டத்துக்குப் பழம் விற்கிறவள்.

"ஏட்டி வெள்ள, என்ன மசமசன்னு நிக்க? கடி. எனக்குப் பல்லு இருந்தா ஒன்னைய எதுக்குக் கெஞ்சுதேன்?"

வெள்ளைத்தாயின் கை மேலிருந்த பழத்தைத் தொட்டது, தொட்டு நின்றது. பிறகு முழங்கை வரை கூடைக்குள் இறங்கி, அடியிலிருந்து ஒன்றை உருவியது. கடித்தாள். புளித்த கூழ். நாக்கில் ஏதோ நெளிந்தது. அப்போதும் விழுங்கியிருந்தால் வேலை நிலைத்திருக்கும். பிச்சையம்மாள் பொக்கை வாயைத் திறந்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துப்பினாள். முத்துவீரனின் சலவை வேட்டியில் புழுவோடு போய் விழுந்தது.

"ஏட்டி, வெளிய போ!"

"போறேன். செத்த நேரத்துல வேட்டியக் கழுவிருங்க மொதலாளி, பொறவு கறை போவாது."

பிச்சையம்மாள் வெறுங்கூடையோடு திரும்பினாள். ஆனால் அந்தப் பழம் குப்பைக்குப் போகவில்லை. மறுநாளே வேறொருத்தி மேல் பழத்தைத் தின்று தலையாட்ட, அத்தனையும் சோழபுரத்துச் சந்தையில் விற்றுத் தீர்ந்தது. அந்தப் புதியவள் எதையும் விழுங்குகிறாளாம். முத்துவீரனுக்கு ரொம்பத் திருப்தி.

வெள்ளைத்தாய் இப்போது பஞ்சுக் கிட்டங்கியில் மூட்டை தைக்கிறாள். கூலி குறைவு. தெருவில் பழக்கூடை எதிரே வந்தால், மறுபக்கம் போய் நின்று காறித் துப்புகிறாள்.