எல்லோருக்கும் அரைப் புள்ளி

லிஃப்ட் மெக்கானிக் அண்ணனைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. லிஃப்டைச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் படிக்கட்டில் இறங்கி வருவார். செஸ்ஸிலும் அதே கதைதான். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள், "டிராவா வச்சுக்கலாமா?" என்று கேட்டுவிடுவார். தோற்றால் தூக்கம் வராதாம். ஜெயிக்கப் போனால் எங்கே தோற்றுவிடுவோமோ என்று நடுக்கமாம். கொடுமை!

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, நேர் எதிர். தையல் ஆலையில் நாள் முழுக்கக் காலர் தைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாலும் எதிராளியை விரட்டி விரட்டி அடிப்பார்.

வாட்ச் கடைக்காரர் தன் கடை மாடியில் வருஷா வருஷம் போட்டி நடத்துவார். ஆறே பேர், நானும் மருந்துக்கடைக்காரரும் அதில் உண்டு. எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஆட வேண்டும். ஜெயித்தால் ஒரு புள்ளி, டிரா என்றால் அரை. முதலிடம் வருகிறவர் நகரத்தின் பெரிய போட்டிக்குப் போகலாம். அண்ணி அதற்காக ஏங்கி ஏங்கிக் காத்திருந்தார். இனிமேல் ஆலையில் ஞாயிற்றுக்கிழமையும் வேலையாம். இந்த வருஷம் விட்டால் அவ்வளவுதான்.

ஒரே வீட்டு ஆட்கள் இருந்தால் அவர்களை முதல் சுற்றிலேயே மோதவிட்டுவிட வேண்டும். கடைசிக்கு வைத்தால் விட்டுக்கொடுத்தார்கள் என்று ஊர் பேசும். வாட்ச் கடைக்காரர் அதை மறந்து, தொப்பிக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கிவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் கடைசிச் சுற்றில் வந்து நின்றார்கள். நான் கவனித்துக் கத்தும்போது முதல் சுற்றே முடிந்திருந்தது. மனுஷனுக்கு மூளை என்ற ஒன்று இருக்கிறதா?

அன்றிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. என் தச்சுப் பட்டறைக்கு வந்து புலம்பினார். "ஜெயிச்சா அவ கனவு போச்சு. தோத்தா, வேணும்னே தோத்தான்னு பேசுவாங்க. நான் என்னதான்டா பண்றது?"

"அதுக்கு முன்னாடி மருந்துக்கடைக்காரரை ஜெயிங்கண்ணே. அண்ணிக்குப் போட்டியே அவர்தான்" என்றேன்.

நாலாவது சுற்றில் மருந்துக்கடைக்காரரோடு ஆடினார். ஒரு யானை அதிகமாக வைத்திருந்தார், சாமி! கையில் இருந்த ஆட்டம். எதிராளி முறைத்துப் பார்த்ததும் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. "டிரா?" என்றார். மருந்துக்கடைக்காரர் சட்டென்று கையை நீட்டிவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் பலகையைத் தூக்கிப் போட்டிருப்பேன்.

கடைசிச் சுற்றில் அதே மருந்துக்கடைக்காரர் என்னைச் சுருட்டிப் போட்டுவிட்டு, அண்ணன் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். இன்னொரு பலகையும் முடிந்திருந்தது. அண்ணி ஜெயித்தால் அவருக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் சமப் புள்ளி. முன்பே அவரை அண்ணி தோற்கடித்திருந்ததால் முதலிடம் அண்ணிக்கு. டிரா ஆனால் இல்லை.

அண்ணி அவசரப்பட்டார். குதிரையை நகர்த்தியதும் ராணி காவலில்லாமல் நின்றது. கையை எடுத்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

அண்ணனும் பார்த்துவிட்டார். கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது.

"என்னண்ணே, கண்ணு தெரியலையா?" என்று மருந்துக்கடைக்காரர் சிரித்தார்.

அண்ணன் உதட்டை நக்கினார். "டிராவா வச்சுக்கலாமா?"

"டிராவை வச்சு நான் என்னங்க பண்றது?" என்றார் அண்ணி. "ஆடுங்க."

அண்ணன் மந்திரியைத் தொட்டார். விரல் இடித்துப் பக்கத்துக் காய் சாய்ந்தது. நிமிர்த்தி வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ராணியை எடுத்தார். "நேர்மையான ஆளு" என்று யாரோ சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணி கடிகாரத்தை நிறுத்திவிட்டு, முறைப்படி கைகொடுத்தார். காய்களைப் பெட்டியில் போட்டார். படிக்கட்டில் இறங்கும்போது நான் அவர்களுக்குப் பின்னால் இருந்தேன்.

"கோவமா?" என்று அண்ணன் மெதுவாகக் கேட்டார்.

"ராணியை எடுத்ததுக்கா? அதுக்கு எதுக்குக் கோவம்? நான் தப்பா ஆடினேன், எடுத்தீங்க." அண்ணி நின்று திரும்பினார். "அந்த ஆளு முறைச்சதுக்கு அரைப் புள்ளி குடுத்தீங்க. இந்தத் தச்சருக்குக்கூட குடுத்தீங்க. இத்தனை வருஷத்துல நீங்க பயப்படாம ஜெயிச்சது என்னை மட்டும்தாங்க."