பூட்டிய பெஞ்சும் பசியாவரத்துப் பாடும்

இந்த ஒல்லாந்து நகரத்தில் கடவுளுக்கு முன்னால் உட்காரும் இடத்தையும் விலைக்கு வாங்க வேண்டும். இவர்கள் வேதக் கோயிலில் குடும்பத்துக்கு ஒரு பெஞ்சு, பெஞ்சுக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. பிரசங்கம் நீளும்போது பூட்டுகளை எண்ணுவேன். நாற்பத்தொன்று. தகப்பன் செத்தால் அதே இடம் மகனுக்கு. தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தவனின் பேரனும் தூணைத்தான் பார்ப்பான். இதில் யாருக்கும் வெட்கமில்லை.

பழவேற்காட்டு ஏரிக்கரையில், நம் பசியாவரத்தில் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏரியில் இறால் நன்றாகப் படும் இடம் ஒருவனுக்கே சொந்தமாக இருந்ததுண்டா? அம்மன் கோயில் முன்னால் ஊர் கூடும். வீட்டுப் பெயர் எழுதி வீட்டுக்கொரு ஓலை நறுக்கு பானையில் விழும். எடுத்துப் பெயர் கூப்பிட்ட வரிசைப்படி இன்றைக்கு இவன் பாடு, நாளைக்கு அவன் பாடு; வலை இறக்கும் முறைக்குத்தான் பாடு என்று பேர். என்னைப் பெற்ற நைனா பானைக்குள் கைவிட்டுத் துழாவிக்கொண்டே இருப்பார். "இன்னா, உள்ள மீனா புடிக்கிற? எடுய்யா!" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். கடைசி முறை விழுந்தால் பானையைத் திட்டலாம். அடுத்தவன் முறையில் வலை இறக்க முடியாது.

என்னை இங்கே கூட்டி வந்தவர் ஒரு தோமினே. இவர்கள் மொழியில் பாதிரி, நம் பேச்சில் ஐயர். பழவேற்காட்டுக் கோட்டையில் இருந்தபோது நம் ஆட்களிடம் தமிழ் கற்றவர். அதனால் என்னையும் நம் ஊர் வழக்கப்படி பிரியமாக 'நைனா' என்றே கூப்பிடுவார். இங்கே பல்கலைக்கழகத்தில் மதத்தையும் அரசாட்சியையும் பற்றிப் பாடம் சொல்கிறார். இந்த ஆண்டு அதன் ரெக்டரும், அதாவது தலைவரும், அவர்தான். நான் அவருடைய மொழிபெயர்ப்பாளன். அவர் பெஞ்சில் எனக்கும் ஓரமாக ஓர் இடம் கொடுத்திருந்தார்.

அந்தக் கோட்டையை வைத்திருக்கும் ஒல்லாந்து வியாபாரக் கம்பெனிக்கு அனுப்பும் தம் கருத்தை ஒருநாள் எனக்கு வாசித்துக் காட்டினார். ஏரிக்கரை ஜனங்கள் ஆளும் வேலையை விக்கிரகத்தின் சூதாட்டத்திடம் விட்டுவிட்டார்களாம். ஆகையால் மீன்பிடி இடங்களைக் கம்பெனியே ஏலம் விடலாமாம். ஏரிக்காரன் என்பதால் நான் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஏலம் விட்டால் எடுப்பவன் வியாபாரி. என் தம்பி பிள்ளைகள் தங்கள் ஏரியிலேயே கூலிக்கு வலை இழுப்பார்கள்.

"ஐயரே, சூதாட்டம்னு யாரு சொன்னது?"

"நானே பாத்தேன் நைனா. பானை, சீட்டு, சாமி. வேற இன்னா?"

பார்த்தது உண்மைதான். சீட்டு எடுக்கும் நாளில் வந்தார். மறுநாள் முறை கைமாறுவதைப் பார்க்க வரவில்லை. அரைகுறையாகப் பார்த்ததற்கு இத்தனை பக்கங்கள்!

"நீங்க எப்படி ரெக்டர் ஆனீங்க?"

"முறை வந்துச்சு. வருசத்துக்கு ஒரு பேராசிரியர்."

"போன வருசத்து ஐயரு நாற்காலிய வுடமாட்டேன்னாரா?"

"எப்படிச் சொல்வாரு? அடுத்தவன் முறையாச்சே."

"அதையும் ஏலம் வுட்டுடுங்களேன்."

அவர் முகம் சிவந்தது. "அது வேற நைனா. நாங்க படிச்சவங்க."

எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த மனிதர் அவர். அந்த மரியாதைக்காக எத்தனையோ விழுங்கியிருக்கிறேன். இதை விழுங்க முடியவில்லை. கையெழுத்துப் போட மறுத்தேன். என் பெயர் இல்லாமலே கப்பலில் அனுப்பிவிட்டார். அடுத்த ஞாயிறு அவர் பெஞ்சின் கதவு எனக்குத் திறக்கவில்லை.

இப்போது வாசலோரம் நின்றுதான் பிரசங்கம் கேட்கிறேன். ஊரிலிருந்து செய்தி வர மாதங்கள் ஆகும். நான் இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டு நறுக்கைத் தம்பி பானையில் போடுவான், கம்பெனி பானையை இன்னும் விட்டு வைத்திருந்தால். மணி அடிக்கிறது. நாற்பத்தொரு கதவுகளும் ஒவ்வொன்றாகச் சாத்தப்படுகின்றன. நனைந்த தொப்பியைக் கையில் பிடித்தபடி, எங்கள் வீட்டுப் பெயரை யாராவது கூப்பிடுகிறார்களா என்று காது கொடுத்து நிற்கிறேன்.