தலையாட்டி என்ற சொல்

கியூபெக்கின் பியர்பொன்ட்ஸில் நான் வாடகைக்கு இருந்தது ஒரு ஜேர்மன் பேராசிரியரின் வீட்டு நிலக்கீழ் அறையில். மேலே அவர், கீழே நான். எண்பதைத் தாண்டிய தனி மனிதர், ரோமாபுரிச் சரித்திரம் படித்தே தலை நரைத்தவர். நானோ மட்டக்களப்பில் எட்டாம் வகுப்போடு நின்றவள். மிச்சப் படிப்பெல்லாம் சனங்களின் வாயிலிருந்து பொறுக்கியது.

ஒருநாள் சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பதை அரைகுறை இங்கிலீஷில் சொன்னேன். "எங்கள் ஊரில் அது பூனை இல்லை, குழந்தை" என்றார். அன்றிலிருந்து பின்னேரத் தேத்தண்ணி அவருடைய மேசையில்தான்.

அவருடைய பெரிய புத்தகம் ஒரே விஷயத்தைப் பற்றியது. ரோமில் ஆட்சியைப் பிடித்தவர்கள் வெள்ளைப் பலகையில் ஆட்களின் பெயர்களை எழுதி மாட்டுவார்களாம். பெயர் இருந்தால் அந்த ஆளை எவனும் கொல்லலாம். அவர்களை யார் ஒளித்து வைத்தார்கள், யார் காட்டிக்கொடுத்தார்கள் என்று தேடியே அவருடைய வாழ்க்கை போயிற்று.

ஏன் அதையே தேடினீர்கள் என்று கேட்டேன். ஜேர்மனியில் அவர் மாணவனாக இருந்த காலத்தில் சீருடைக்காரர் வந்து கதவைத் தட்டினார்களாம். கீழ்வீட்டுக்காரி ஒன்றும் பேசவில்லை, மேல்மாடியைக் கண்ணால் காட்டினாள். அப்பாவைக் கொண்டுபோனார்கள். இவர் இங்கிலாந்துக்கு ஓடினார். யுத்தம் வந்ததும் அங்கே ஜேர்மன்காரன் எதிரி என்று பிடித்து, கப்பலேற்றி, இதே கியூபெக்கில் முள்ளுக்கம்பிக்குள் அடைத்தார்கள். வெளியே வந்தபின் பள்ளிக்கூடத்தில் லத்தீன் படிப்பித்து, பிறகுதான் பல்கலைக்கழகம்.

நானும் என் கதையைச் சொன்னேன். ஆமியின் சுற்றிவளைப்பில் ஆட்களை வரிசையாக நடத்துவார்கள். சாக்கால் முகத்தை மூடிய ஒருவன் ஜீப்பில் இருப்பான். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள், பிறகு ஆள் இல்லை. என் அண்ணனுக்கு ஆட்டினான். அந்தச் சாக்குக்காரனுக்கு நாங்கள் வைத்த பெயர் தலையாட்டி.

"தலையாட்டி" என்று பேராசிரியர் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். எந்த மொழியிலும் இதற்கு இப்படி ஒரு சொல்லைத் தான் கண்டதில்லை என்றார்.

தொண்ணூறுகளின் கடைசியில், தை மாதம், அந்த ஐஸ் மழை வந்தது. வானத்தில் தண்ணீராகப் புறப்பட்டது கிளையில் கண்ணாடியாக நின்றது. மரங்கள் முறிந்த சத்தம் ஒவ்வொன்றும் எனக்கு வெடிச்சத்தம். கரண்ட் போனது, அதோடு சூடும் போனது. வீட்டுக்குள்ளேயே வாயைத் திறந்தால் புகை வந்தது. மேலே போய் அவரோடு இருந்தேன். இருந்த போர்வை எல்லாவற்றையும் அவர்மேல் போட்டும் நடுங்கினார்.

பக்கத்து ரொக்ஸ்பரோவில் இருந்த என் அக்கா போன் எடுத்தாள்.

"இஞ்ச விறகடுப்பு எரியிது. வா புள்ள."

"கிழவர் வரமாட்டன் எண்டுறார் அக்கா."

"சாக்குல கட்டித் தூக்கிக்கொண்டு வா. பேராசிரியர் எண்டா விறைக்கமாட்டாரோ? நடுங்குறாரா?"

"ஓம்."

"நடுங்கட்டும். நடுக்கம் நிண்டாத்தான் பயம். மறுகா மனிசன் தப்பாது. பொலிசக் கூப்பிடு."

"நான் பொலிசக் கூப்பிடுறதோ?" என்றேன்.

அவரிடம் மறுபடி கெஞ்சினேன். "இரண்டு நாளைக்குத்தானே ஐயா."

"அப்பாவுக்கும் அப்படித்தான் சொன்னார்கள்" என்றார்.

அன்று மத்தியானம் கதவு தட்டப்பட்டது. ஜன்னலால் பார்த்தேன். ஒரு பொலிஸ், பக்கத்தில் பச்சை உடுப்பில் ஒரு ஆமிக்காரப் பொடியன். வீடுவீடாகப் போய் ஆட்களைச் சூடான இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பற்றரி ரேடியோவில் கேட்டிருந்தேன். எல்லாம் தெரிந்தும் நான் ஜன்னலுக்குக் கீழே குனிந்துகொண்டேன். பேராசிரியர் மெழுகுதிரியை ஊதி அணைத்தார், என் கையைப் பிடித்துப் புத்தக அலுமாரிக்குப் பின்னால் இழுத்தார். காப்பாற்ற வந்தவர்களுக்கு ஒளித்து, இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தோம்.

மறுபடி தட்டினார்கள். பிரெஞ்சில் ஏதோ கூப்பிட்டார்கள். பிறகு படியில் ஐஸ் நொறுங்கும் சத்தம், அவர்கள் திரும்பி இறங்கும் சத்தம். அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதியில்தான் கவனித்தேன், என் கையைப் பிடித்திருந்த அவருடைய கை ஆடவில்லை. முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம். என்னைப் பார்த்து மெதுவாக ஜேர்மன் மொழியில் ஏதோ சொன்னார். நடுக்கம் நின்றிருந்தது.

எப்படி எழும்பினேன் என்று தெரியாது. கதவைத் திறந்துவிட்டேன். கதவுச் சத்தத்துக்கு அவர்கள் திரும்பினார்கள். ஆமிப் பொடியன் படியேறி வந்து பிரெஞ்சில் ஏதோ கேட்டான். எனக்கு விளங்கவில்லை என்று கண்டு, என் தோளுக்கு மேலால் வீட்டுக்குள்ளே விரலை நீட்டிப் புருவத்தை உயர்த்தினான். உள்ளே வேறு யாரும் உண்டா?

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

அலுமாரிக்குப் பின்னாலிருந்து அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொடியன் தன் ஜாக்கெட்டைக் கழற்றி அவருக்குப் போர்த்தி, குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கினான். அவர் திமிறவில்லை. அதுதான் என்னை இன்னும் பயப்படுத்தியது.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்துக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் ஒருவர் வந்து பார்த்தார். பின்னேரம் பேராசிரியருக்கு மறுபடி நடுக்கம் தொடங்கியபோது கும்பிட்டேன். அதுவரை என்னோடு ஒரு சொல் பேசவில்லை. நான் சூப் கோப்பையோடு பக்கத்தில் வந்து இருந்ததும், போர்வைக்குள்ளிருந்து தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னார்.

"தலையாட்டி."

வாய் சிரித்த மாதிரித்தான் இருந்தது. கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சூப்பை ஊதி ஊதி ஒரு கரண்டி நீட்டினேன். குடித்தார்.