நூற்றிப்பத்து வோல்ட் பிரிண்டர்

சிரிக்கப் போறீர் எண்டு தெரியும், சிரியும். நானும் உப்பிடிச் சிரிச்ச ஆள்தான். வோல்ட்டும் அம்பியரும் பாத்துச் சீவிச்ச எனக்குப் பேய் எண்டால் வேலையில்லாத சனம் கட்டுற கதை, அவ்வளவுதான். ஆனால் இது என்ரை கண்ணுக்கு முன்னாலை நடந்தது.

கம்பஸிலை கொம்பியூட்டர் அறைக்கு நான்தான் பொறுப்பு. தொண்ணூறிலை சண்டை துவங்கின பிறகு எங்களுக்கு ஏது கரண்ட், மண்ணெண்ணெயிலை ஜெனரேற்றர் போட்டு பின்னேரத்திலை ரண்டு மணித்தியாலம் ஓடும். நாலு கொம்பியூட்டரையும் ஒண்டோடை ஒண்டு கதைக்க ஒரே நெட்வேர்க் வயரிலை தொடுத்திருந்தன், ஓரிடத்திலை கழட்டினால் நாலும் விழுந்திடும். அதாலை ஆர் வீட்டுச் சாமானைக் கொண்டந்தாலும் நான் பாத்துக் கொப்பியிலை பதிஞ்ச பிறகுதான் கொழுவலாம். எங்கடை பிரிண்டருக்கோ றிபன் காஞ்சு போச்சு, புது றிபன் வராது, சீல் குத்திற மையிலை தேங்காயெண்ணெய் கலந்து பூசிப் பூசி அடிப்பம். எழுத்து ஊறி ஒண்டும் வாசிக்கேலாது.

ஜெபநேசன் எண்டு ஒரு பெடியன், குருநகர், அப்பத்தான் உதவி விரிவுரையாளரா வந்தவன். வெளிநாட்டிலை மேல்படிப்புக்கு விண்ணப்பிக்க அவனுக்கு ஒரு கிழமைதான் இருந்தது. கனடாவிலை இருந்து அவன்ரை அக்கா ஒரு பிரிண்டரும் அதை எங்கடை நெட்வேர்க் வயரிலை கொழுவ ஒரு சின்னப் பெட்டியும் அனுப்பியிருந்தா. வெள்ளிக்கிழமை நான் ஜெனரேற்றரடிக்குப் போன நேரம் பாத்து, கேக்காமல் கொள்ளாமல் வயரைக் கழட்டிப் பெட்டியைப் பூட்டியிருக்கிறான். நாலும் விழுந்து, பதிஞ்சு வைச்ச கோப்பும் பழுதாகி, ரண்டு நாளா நான் அடிச்ச பெடியளின்ரை சோதனைப் புள்ளியெல்லாம் போச்சு.

எனக்கு வந்ததே கோவம். பிரிண்டரைத் திருப்பிப் பாத்தால் நூற்றிப்பத்து வோல்ட், கனடாச் சாமான், எங்கடை இருநூற்றிமுப்பதிலை குத்தினால் கருகிப்போம்.

"அண்ணை, எட்டுப் பக்கம்தான். அடிச்சால் நாளைக்குக் கொழும்புக்குப் போற எங்கடை பங்குச் சுவாமியிட்டைக் குடுத்து விட்டிடுவன், நான் போகத் தேவையில்லை."

"வோல்ட்டைக் குறைக்க டிரான்ஸ்போமர் இல்லை. வைச்சிட்டுத் திங்கக்கிழமை வாரும், பாப்பம்" எண்டன்.

டிரான்ஸ்போமர் என்ரை அலுமாரிக்கை இருந்தது. ஓம், இருந்தது. அவனுக்கு ஒரு பாடம் படிப்பிக்க வேணும் எண்டு நினைச்சன், வேறை ஒண்டுமில்லை.

அவன் பொறுக்கேல்லை. டிஸ்க்கிலை எடுத்துக்கொண்டு, கொழும்பிலை அடிப்பம் எண்டு அண்டிரவே கிளாலியிலை படகேறினவன். கடலுக்கை நேவி சுட்டு அந்தப் படகு கரை சேரேல்லை, அவன்ரை உடம்புதான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை குருநகர்ச் சவக்காலையிலை நானும் ஒரு பிடி மண் போட்டன். தாய்க்காறியின்ரை முகத்தைப் பாக்க எனக்குத் துணிவு வரேல்லை.

திங்கக்கிழமை பின்னேரம் ரண்டு மணி, நல்ல வெய்யில். ஜெனரேற்றரை இழுத்து ஓடவிட்டிட்டு வாறன், உள்ளுக்கை பிரிண்டர் அடிக்குது. எங்கடை பிரிண்டர் சத்தம் எனக்குத் தெரியும், இது வேறை. ஓடிப்போய்ப் பாத்தால் மேசைக்குக் கீழை அவன்ரை பிரிண்டர். நம்பினால் நம்பும், பிளக்கு நிலத்திலை கிடக்குது. அந்தத் தட்டைப் பல்லு எங்கடை சொக்கற்றுக்கை போகவும் மாட்டுது. நெட்வேர்க் வயரும் கொழுவேல்லை. தொட்டால் சுடுது. தாளின்ரை ஓட்டைக் கரை ரண்டு பக்கமும் கிழிச்சுப் போட்டிருக்கு, அச்சடிச்ச நடுத்தாளைக் காணேல்லை. அறைக்குள்ளை ஒரு குருவியும் இல்லை. நான் வெளியிலை வந்து மதிலோடை குந்திக்கொண்டு அழுதன்.

ஆருக்கும் மூச்சு விடேல்லை. பிரிண்டரைத் தாய் வீட்டிலை குடுத்துவிட்டன், வேலையும் மாறினன்.

போன வருசம் அவன்ரை அக்கா கனடாவாலை வந்து, விசாரிச்சு விசாரிச்சுக் கொக்குவிலுக்கு என்ரை வீட்டை வந்தா. தம்பியின்ரை கடைசிக் கடிதம் எண்டு, ரண்டு பக்கமும் ஓட்டைக் கரை கிழிச்ச ஒரு தாளை நீட்டினா. இங்கிலீஷிலை அச்சடிச்ச நாலு வரி. பிரிண்டர் நல்ல வடிவா வேலை செய்யுதாம், கொம்பியூட்டர் அறை அண்ணைதான் பொறுமையா இருந்து பூட்டித் தந்தவராம், அக்கா வந்தால் அவரைக் கட்டாயம் காண வேணுமாம். மேலை அந்தத் திங்கக்கிழமைத் திகதி.

"தம்பி அவசரத்திலை திகதியைப் பிழையா அடிச்சிட்டான்" எண்டா.

பிறகு என்ரை ரண்டு கையையும் பிடிச்சு நன்றி சொன்னா. நான் அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டு, அவவுக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்து அனுப்பினன்.