பெருநாள் காலையில் அடித்த தாம்பாளம்

எங்கள் அத்தா ஏற்காட்டில் ஜீப் ஓட்டினார். எஸ்டேட்களிலிருந்து காபி மூட்டைகளையும் ஆரஞ்சுக் கூடைகளையும் சேலத்துக்கு இறக்குவது அவர் தொழில். ஐந்து வேளைத் தொழுகையை விடமாட்டார். உடம்புக்கு முடியவில்லை என்று யார் வந்து நின்றாலும் மூட்டையை இறக்கிவிட்டு ஆளை ஏற்றிக்கொள்வார். எங்கள் ஜீப்பை அம்மா ‘ஆஸ்பத்திரி வண்டி’ என்றுதான் சொல்லுவாள்.

எனக்குப் பத்து வயதானபோது வந்த ரம்ஜான் பெருநாள் அது. அண்ணன்கள் முன்னதாகவே பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். அத்தா புதுச்சட்டையில் அத்தர் தடவிக்கொண்டிருந்தபோது கிளியூர்க்காரர் ஒருவர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

“பாய், ஊட்டுக்காரிக்கு நேத்திருந்து வலிங்க. இங்க ஆவாது, சேலம் கொண்டுபோங்கன்னு நர்சம்மா சொல்லீட்டாங்க.”

அத்தா அத்தர் குப்பியைக்கூட மூடாமல் சாவியை எடுத்தார். ஆனால் ஹாரன் முந்தின நாளே கெட்டுப்போயிருந்தது. ஹாரன் இல்லாமல் இருபது கொண்டை ஊசி வளைவுகளை எப்படி இறங்குவது? அம்மா அடுக்களைக்குள் ஓடி, பித்தளைத் தாம்பாளத்தையும் நெய்ச்சோற்றுக் கரண்டியையும் கொண்டுவந்து என் கையில் திணித்தாள்.

“ஏறு கண்ணு. வளைவு வந்தா அடி, நிறுத்தாத அடி” என்றார் அத்தா.

அடித்தேன்! புதுப் பச்சைப் பாவாடை காற்றில் படபடக்க, முன் சீட்டில் முட்டிபோட்டு, தலையை வெளியே நீட்டி அடித்தேன். குரங்குகள் சிதறி ஓடின. கிளியூரில் ஏற்றிக்கொண்ட அந்தப் பெண் பின்னால் புருஷன் கையைப் பிடித்தபடி அலறிக்கொண்டிருந்தாள். அவளுடைய மாமியார் அவள் தலையை மடியில் தாங்கியிருந்தார். ஒரு வளைவில் பஸ் ஒன்று எங்கள் முகத்துக்கு நேராக வந்து நின்றது.

“ஏனுங்க பாய், கல்யாண ஊர்கோலமுங்களா?” என்றார் டிரைவர்.

“பிரசவமுங்க! வழி உடுங்க!”

அவ்வளவுதான். கண்டக்டர் குதித்திறங்கி விசில் ஊத, அத்தனை பெரிய பஸ் எனக்காகப் பின்னால் நகர்ந்தது. ஜன்னல்களிலிருந்து ஆட்கள் கையசைத்தார்கள். நான் ராணிபோலக் கரண்டியை உயர்த்திக் காட்டினேன்.

அதற்கப்புறம் பின்னால் அலறல் நின்றுபோயிற்று. “கண்ணத் தொறடி, என்ர சாமி” என்று மாமியார் கெஞ்சும் குரல் மட்டும் கேட்டது. அத்தாவின் உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டே இருந்தன. அவள் தூங்கிவிட்டாள் போல என்று நினைத்து, எழுப்புவதற்காக இன்னும் பலமாக அடித்தேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் வெகுநேரம் காத்திருந்தோம். கடைசியில் மாமியார் வெளியே வந்து என் கன்னத்தை வழித்தார்.

“பொட்டப்புள்ளைங்க பாய். ரெண்டு உசுரும் பொழச்சுதுங்க!”

எனக்கு உடனே ஊருக்குப் போய் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். பஸ் பின்வாங்கியதைச் சொன்னால் அண்ணன்கள் வயிறெரிந்து போவார்கள். அத்தாவோ குழாயடியில் கைகால் கழுவி, வேப்பமரத்தடியில் துண்டை விரித்தார். ஊரோடு சேர்ந்து தொழும் பெருநாள் தொழுகை எப்போதோ முடிந்திருந்தது. தனியாகத் தொழுதார். நெற்றியைத் தரையில் வைத்தவர் நெடுநேரம் எழவே இல்லை. அவர் தோள்கள் மட்டும் குலுங்கின.

பஸ் டிரைவர் கேட்டதை நினைத்துச் சிரிக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சேர்ந்து சிரித்தேன்.