"பேரு வேண்டாம்மா, எந்த எக்ஸிட்?"

ரெஜினா ஆன்ட்டி போய்விட்டார்.

காலையில் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கும்போது அவர் மகளிடமிருந்து மெசேஜ் வந்தது. கேமராவை ஆஃப் பண்ணிவிட்டு அழுதேன். மேனேஜர் இரண்டு தடவை கூப்பிட்டார்... மைக் வேலை செய்யவில்லை என்று சாட்டில் பொய் சொன்னேன்.

இருபது வருஷத்துக்கு முன்னால் நியூ ஜெர்சியில் இருந்த தமிழ்ப் பெண்கள் நிறைய பேருக்கு ஆன்ட்டியின் முகம் தெரியாது, குரல் தெரியும். சனிக்கிழமை காலை பத்து மணி. காலேஜ் எஃப்எம்மில் ஒரு மணி நேரம் பெண்கள் போன் பண்ணித் தமிழில் பேசுவார்கள்.

ஆன்ட்டி பாளையங்கோட்டைக்காரர். வாரம் முழுக்க ஆஸ்பத்திரியில் நர்ஸ், சனிக்கிழமை ரேடியோ. ஐந்து பைசா சம்பளம் கிடையாது.

எழுபதுகளில் அந்த ஸ்டேஷனில் அமெரிக்கப் பெண்கள் சிலர் சண்டை போட்டுத் தங்களுக்கென்று ஒரு மணி நேரம் வாங்கினார்களாம். மைக்கில் பேசுவது மட்டும் போதாது, கன்சோலில் உட்கார்ந்து பட்டன் தட்டுவதும் நாங்கள்தான் என்று பிடிவாதம். அந்தக் கூட்டத்தில் புடவை கட்டிய ஒரே ஆள் நம் ஆன்ட்டி.

உன் பாஷையிலும் பேசேன் என்று அவர்கள் சொல்ல, யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியத்தில் மாதவிடாய் வலியைப் பற்றிப் பத்து நிமிடம் தமிழில் பேசியிருக்கிறார். மறுநாள் சர்ச்சில் ஒரு பெரியவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாராம். "நேத்து ரேடியோல கேட்டேன். இதெல்லாம் வெளிய பேசுற விஷயமா?"

"கேட்டீயளா அண்ணாச்சி? அடுத்த வாரம் பிரசவம். மறக்காம கேளுங்க."

இதைச் சொல்லிவிட்டு ஆன்ட்டி சிரிப்பார் பாருங்கள்... இருமல் வந்துதான் நிற்கும்.

நான் பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்த புதிது. டிபெண்டன்ட் விசா. வேலைக்குப் போக முடியாது, கார் ஓட்டத் தெரியாது, பாஸ்போர்ட் அப்போதைய கணவரின் ஆபீஸ் டிராயரில். அந்த வாரம் அவர் என்னை அடித்திருந்தார். முதல் தடவை இல்லை.

சனிக்கிழமை அவர் ஆபீஸ் கிளம்பியதும் ரேடியோவுக்குப் போன் பண்ணினேன். பாட்டு ஓடும்போது ஆன்ட்டியே போனை எடுப்பார்.

"பேரு வேண்டாம்மா. எந்த எக்ஸிட்?"

டர்ன்பைக் நெடுஞ்சாலையில் எந்த எக்ஸிட்டில் இறங்கினால் உன் வீடு என்று கேட்கிறார். ஜெர்சியில் அதுதான் ஊர் விலாசம். பெயர் சொன்னால், அடுத்த பாட்லக் விருந்துக்கு முன்னாலேயே விஷயம் வீட்டுக்காரர் காதுக்குப் போய்விடும்.

"எட்டு ஏ."

"சரி, உன் ரேடியோவ ஆஃப் பண்ணிரு. பாட்டு முடிஞ்சதும் நீதான்."

எல்லாவற்றையும் கொட்டினேன். அடி, பாஸ்போர்ட், அம்மாவிடம் போனில் நன்றாக இருக்கிறேன் என்று சொல்வது... ஆன்ட்டி "ம்" மட்டும் போட்டார். முடித்தபோது அப்படி ஒரு நிம்மதி. அந்த நிம்மதியில், ஊர் ரேடியோவில் பாட்டு கேட்கிறவர்கள் சொல்வதுபோல வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"ரொம்ப தேங்க்ஸ் ஆன்ட்டி. பிளெய்ன்ஸ்பரோலேர்ந்து அகிலா."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

எங்கள் அபார்ட்மென்ட் வளாகத்தில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள். அவருடைய நண்பர்களின் மனைவிகள் அத்தனை பேரும் கேட்கிற நிகழ்ச்சி. சாயங்காலத்துக்குள் அவருக்குத் தெரிந்துவிடும். கதவைப் பூட்டினேன், திறந்தேன், மறுபடி பூட்டினேன். வீட்டுக்குள் இருக்க முடியாமல் துணிக் கூடையை எடுத்துக்கொண்டு லாண்டரி ரூமுக்குப் போனேன்.

அங்கே கீழ் வீட்டு கவிதா. என்னைப் பார்த்ததும் டிரையரை மூடிவிட்டுக் கிட்டே வந்தாள். கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கி ரேடியோ கேட்டீங்களா? ஒரு பொண்ணு பேசினா, எனக்கு அழுகையே வந்துடுச்சு. யாருன்னே தெரியல. தேங்க்ஸ் ஆன்ட்டின்னா, டக்குனு பாட்டு வந்துடுச்சு."

அந்த வளாகத்தில் நான் யாரிடமும் அதிகம் பேசியதில்லை. குரலை வைத்துக் கண்டுபிடிக்க ஆளில்லை.

நாம் பேசுவது சில நொடிகள் கழித்துத்தான் ரேடியோவில் போகும், இடையில் ஒரு பட்டன் உண்டு என்பதெல்லாம் பின்னால்தான் தெரிந்தது. யாராவது கெட்ட வார்த்தை பேசினால் தட்டுகிற பட்டன். ஆன்ட்டி அதைத் தட்டியிருக்கிறார்.

திங்கட்கிழமை, கணவர் ஆபீஸ் போன பிறகு வீட்டு போன் அடித்தது. "ஏட்டி, சாப்ட்டியா?" ஸ்டேஷன் போனில் விழுந்த என் நம்பரை ஆன்ட்டி குறித்து வைத்திருந்தார். அதிலிருந்து எல்லாத் திங்கட்கிழமையும் அடித்தது.

ஐந்து மாதம் கழித்து ஒருநாள், கணவர்மேல் புகார் கொடுக்க நான் தயாரானேன். ஆன்ட்டி காரில் கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். உள்ளே நானேதான் பேசினேன். என் பெயர், கணவர் பெயர், விலாசம், எல்லாம்.

பின்னால் விசா மாறி, வேலை கிடைத்து, லைசென்ஸ் வாங்கி, சனிக்கிழமைகளில் ஸ்டேஷனுக்கு நானே ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். ஒருநாள் பழைய ஃபைல்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். அந்தப் பட்டனை யார் தட்டினாலும் ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். தேதி, நேரம், என்ன கெட்ட வார்த்தை. காலேஜ் பிள்ளைகள் எழுதியிருந்ததை இங்கே போட்டால் என் பதிவைத் தூக்கிவிடுவார்கள்.

நடுவில் ஆன்ட்டியின் கையெழுத்தில் ஒரு வரி. என்ன வார்த்தை என்ற கட்டத்தில், ஆங்கிலத்தில், "அவளுடைய பெயர்."

பக்கத்தில் ஸ்டேஷன் மேனேஜர் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.

"இதுக்கு என்ன சொன்னீங்க ஆன்ட்டி?"

"இதுல என்ன கெட்டது இருக்குன்னு கேட்டான். ஒண்ணுமில்லப்பா, நல்ல பேருதான்னேன்."

வெள்ளிக்கிழமை காலை பிஸ்கட்டவே சர்ச்சில் அடக்கப் பூசை. வருகிறேன் ஆன்ட்டி.

போய் வாருங்கள்.